இரண்டாம் பாகத்தில் யாரும் பேசுவதில்லை

உமாசுதன் இத்தாலிய மொழி பேசத் தொடங்கினால் பலெர்மோக்காரர்கள் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அவர் பேசுவதில் பிழை அதிகம் இல்லை. ஆனால் அது அரண்மனை வாசலில் பேசுகிற பேச்சு. வந்து சில மாதம் கழித்து, முதன்முதலில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுப்பதற்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போன அன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்து, "மாண்புமிகு வாசற்காவலரே, எனக்கு வழிவிட அருள்வீராக" என்று இத்தாலிய மொழியில் சொன்னாராம். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். உமாசுதன் கையை நெஞ்சில் வைத்து இன்னொரு முறை சொன்னார். கூடப் போன மனைவி சுதாஜினி வெட்கம் தாங்காமல் வெளியே போய் நின்றுவிட்டாள். விரல் அடையாளம் எடுத்து முடிந்து புறப்படும்போது அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று, "செல்லலாம், செல்லலாம்" என்று கைகாட்டி வழியனுப்பினார்கள்.

அந்த மொழியை அவருக்குக் கற்பித்தது ஒரு வீடியோ கேம். அதன் பெயர் ஒர்மேரா.

நாங்கள் இருப்பது வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய மாடிக் கட்டடத்தில். படிக்கட்டைக் கழுவுவது என் வேலை. படிக்கட்டுக் கழுவுகிறவளைக் கண்டு யாரும் கதையை நிறுத்துவதில்லை. மூன்றாம் மாடியில் இராசேஸ்வரி அக்கா குடும்பம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவருடைய தங்கைதான் சுதாஜினி. சுதாஜினியைத் திருச்சியில் வைத்துத் திருமணம் செய்து, யுத்தம் முடிந்து மூன்று வருடத்தின் பின் இங்கே வந்து சேர்ந்தவர் உமாசுதன். அவர் வன்னிக்காரர். கடைசிவரை அங்கே நின்று, முகாமிலும் இருந்துவிட்டு வந்தவர்.

வந்த புதிதில் அவருக்கு வேலை இல்லை. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் இராசேஸ்வரி அக்காவின் மகள் கேசிகா பள்ளியிலிருந்து வருவாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும், சித்தப்பாவுக்கு இத்தாலிய மொழி ஒன்றும் வராது. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இராசேஸ்வரி அக்கா வேலை செய்யும் வீட்டுக்காரச் சின்யோராவின் மகன் தான் விளையாடிச் சலித்த கேம் கருவியையும் ஒரு டிஸ்கையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பியது அந்த நாட்களில்தான்.

எனக்கு அதை விளையாடத் தெரியாது. விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒர்மேராவில் ஒரு தூதன் வருகிறான். ஒரு தீவில் ஊர் ஊராக நடந்து செய்தி கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு ஊர் வாசலிலும் ஒரு காவலன் நிற்பான். அவனோடு சண்டை பிடித்தும் உள்ளே போகலாம், கேட்டும் போகலாம். கேட்பதென்றால் திரையில் வருகிற வசனங்களில் சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். கேசிகா எழுத்துக்கூட்டி வாசிப்பாள். உமாசுதன் அவளுக்குப் பின்னால் சொல்வார். எது சரி என்று இருவரும் ஆலோசித்து அழுத்துவார்கள். காவலன் சில நேரம் மனமிரங்குவான், சில நேரம் வாளை உருவுவான். வாளை உருவினால் கேசிகா பயந்து, "சித்தப்பா, நீங்க அடியுங்கோ" என்று கைக்கருவியை அவர் மடியில் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வாள். அவர் அடித்து முடித்துத் திருப்பிக் கொடுப்பார். நடப்பது அவள், அடிப்பது அவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு அந்தத் தீவை அவர்கள் பலமுறை சுற்றி முடித்தார்கள்.

பிறகு அவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. சிப்பி கழுவுவதில் தொடங்கி இப்போது கணவாயும் ஒக்டோபசும் அவர் பொறுப்பில். சுதாஜினியும் அவரும் இரண்டாம் மாடிக்கு, என் வீட்டுக்கு எதிர்க் கதவுக்கு, குடிவந்தார்கள். உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் பின்னேரம் அவர் சந்தையில் கடலைமாப் பொரியல் ஒரு கடதாசிச் சுருள் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவார். ஒர்மேரா முடிந்து வேறு கேம்கள் வந்தன. கேசிகா வளர்ந்தாள். திங்கள் மட்டும் மாறவில்லை.

இனி இராசேஸ்வரி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் பலருக்கு, வன்னியிலிருந்து கடைசியில் வந்தவர்களிடம் பயம் கலந்த ஒரு மரியாதை உண்டு. "கடைசிவரை நிண்டவர்" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவோம். அவர்களிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டோம். இராசேஸ்வரி அக்கா இதில் எல்லோரையும் விட ஒரு படி மேல். உமாசுதன் இருக்கும்போது தொலைக்காட்சியில் துப்பாக்கி வந்தால் அலைவரிசை மாறிவிடும். கேசிகாவின் பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுவதில்லை, வெடித்தால் தம்பி திடுக்கிடுவார் என்று. ஜூலையில் சாந்தா ரொசாலியா திருவிழாவுக்குக் கடற்கரையில் வாணம் விடும்போது ஊரே அங்கே நிற்கும். மூன்றாம் மாடியில் மட்டும் யன்னல் பலகைகளை இறுக்கிச் சாத்தி, பக்திப் பாட்டை உரக்கப் போட்டு, உமாசுதனை நடுவில் இருத்திக் கடலை கொறிக்கச் சொல்வார்கள். அவரும் பேசாமல் கொறிப்பார்.

கேசிகாவுக்குப் பதினைந்து பதினாறு வயதில், யாரும் சொல்லாமலே, வன்னியில் என்ன நடந்தது என்று தெரியவந்தது. கைபேசியில் பார்த்திருப்பாள். அதன் பிறகு சித்தப்பா பேசும்போது அவர் முகத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் பார்ப்பாள்.

இந்த வருடம் மாசி மாதம் உமாசுதன் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அக்கா, ஒர்மேரா ரெண்டாம் பாகம் வருது. அடுத்த மாதம்."

"நல்லது தம்பி."

"நல்லதோ தெரியேல்லை. பஸ்ஸுக்குள்ளை போனிலை முன்னோட்டம் பாத்தனான். ஒரே வெட்டுத்தான். தூதனைக் கொண்டுபோய்ப் பட்டாளத்திலை சேத்துவிட்டாங்கள். ஆனா வெட்டுறது பாக்க நல்லாயிருக்கு. அதுதான் பிரச்சினை."

"கேசிகாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாம இருக்குமோ. அவள்தான் முதல் சொல்லுவாள். பாத்துக்கொண்டிருக்கிறன்."

இன்னொரு விஷயமும் அப்போது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வருடத்தோடு கேசிகாவுக்குப் பள்ளிப் படிப்பு முடிகிறது. கட்டடக் கலை படிக்க வடக்கே தொரீனோவுக்குப் போகிறாள். புரட்டாதியில் புறப்படவேண்டும். அதற்கு முன் மிச்சமிருக்கிற திங்கட்கிழமைகளில் இருவருமாக அந்த இரண்டாம் பாகத்தை விளையாடி முடிக்கலாம் என்பது அவர் மனத்தில் இருந்த கணக்கு. வாயால் சொல்லவில்லை. கடலைமாப் பொரியலைக் கொஞ்சம் பெரிய சுருளாக வாங்கத் தொடங்கியதில் எனக்கு விளங்கியது.

பங்குனியில் கேம் வந்தது. கேசிகா அதை வாங்கிவிட்டாள். அதை நான் அறிந்தது மூன்றாம் மாடிப் படியில் துடைப்பத்தோடு நின்றபோது. கதவு திறந்திருந்தது. உள்ளே இராசேஸ்வரி அக்கா மகளுக்குச் சொன்னார்:

"உது முழுக்க வெட்டும் கொத்தும் ரத்தமுமாக் கிடக்குது. சித்தப்பாவுக்குக் காட்டாதை. அந்த மனிசன் பட்டது காணும்."

"எனக்குத் தெரியும் அம்மா. நான் தனியத்தான் விளையாடுவன்" என்றாள் கேசிகா. அவளும் அதை முன்னமே யோசித்து வைத்திருந்தாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. "சோதினைக்குப் படிக்கிறாள் தம்பி" என்று தாய் சொல்வார். உமாசுதன் பொரியல் சுருளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். சித்திரையில் ஒருநாள் உணவகத்தில் குளிர்பெட்டி பழுதாகி, வேலை நாளில் நேரத்தோடு வந்தவர், ஏதோ கொடுக்க மேலே போனார். சாத்திய கதவுக்குள்ளிருந்து கேசிகா இந்த ஊர்ச் சிசிலி மொழியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வாள் மோதுகிற சத்தமும் கேட்டது. அவர் கதவில் தட்டியதும் சத்தம் நின்றது.

"ஆர்?"

"நான்தான் பிள்ளை."

"படிக்கிறன் சித்தப்பா."

அவர் இறங்கி வந்து என் துடைப்பத்துக்கு ஒதுங்கி நின்றார்.

"வளந்த பிள்ளையள் கதவைச் சாத்தத்தானே வேணும், அக்கா. சிநேகிதரோடை விளையாடுறாள்போலை. என்னோடை இருந்து என்னத்தைக் கதைக்கிறது. எனக்கு மீன் கதைதான் தெரியும்."

"அப்பிடி ஒண்டும் இருக்காது தம்பி" என்றேன். அதற்கு மேல் சொல்வது அந்த வீட்டு ஆட்களின் பாடு.

"நான் கோவிக்கேல்லை" என்றார். ஆனால் அடுத்த திங்கள் அவர் மேலே போகவில்லை. அதற்கடுத்த திங்களும் போகவில்லை. சுருளைச் சுதாஜினியிடம் கொடுத்து அனுப்பினார்.

கேசிகா நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தாள். விருந்து ஜூலைத் திருவிழா நாளில், மத்தியானம். இந்த வருடம் அது திங்கட்கிழமையில் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். திங்கள் என்பதால் மரக்கறிச் சமையல். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம். இராசேஸ்வரி அக்காவின் கணவர் வேலையில் நின்றதால் நாங்கள் ஐந்து பேர்தான். "நேரத்தோடை சாப்பிடுங்கோ, பின்னேரம் நான் யன்னல் எல்லாம் சாத்தவேணும்" என்று அக்கா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

உமாசுதன் ஒரு சிறு பொதியை எடுத்துக் கேசிகாவுக்கு முன்னால் வைத்தார்.

"பெரிசா ஒண்டுமில்லை. நீ இப்ப பெரிய ஆளாப் போனாய், உது பிடிக்குமோ தெரியாது. பிடிக்காட்டிச் சும்மா வைச்சிரு. தொரீனோவுக்குப் போக முதல் ஒருக்கா என்னோடை விளையாடுவியோ எண்டு கேப்பமெண்டு."

அவள் தாளைப் பிரித்தாள். ஒர்மேரா இரண்டு. பெட்டியின் மேல் அந்தத் தூதன் இரத்தம் சொட்டுகிற வாளோடு நின்றான். இராசேஸ்வரி அக்கா எட்டி எடுத்து, குப்புறப் புரட்டி வைத்து, அதன் மேல் வடைத் தட்டைத் தூக்கி வைத்தார்.

"வடை ஆறுது. எடுங்கோ எல்லாரும்."

"மச்சாள், தட்டெல்லாம் எண்ணெய். பெட்டி பழுதாப் போம்" என்றார் உமாசுதன்.

"உது வேண்டாம் தம்பி. உதிலை முழுக்கச் சண்டையாம்."

"ஓம், சண்டைதான். பெட்டியிலேயே வாளோடைதானே நிக்கிறான்."

"அதைத்தான் சொல்லுறன்."

"எதைச் சொல்லுறியள்?"

அக்கா வடையைப் பார்த்தார். சுதாஜினி அக்காவைப் பார்த்தாள். கேசிகாதான் வாயைத் திறந்தாள்.

"சித்தப்பா, என்னட்டை உது இருக்கு. வந்த உடனையே வாங்கினனான்."

உமாசுதன் பாயாசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப கதவைச் சாத்திப்போட்டு…"

"ஓம். உதைத்தான்."

"என்னோடை விளையாட விருப்பமில்லை எண்டாச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. எனக்கு விளங்கும்."

"விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது?" என்றாள் கேசிகா. "உங்களுக்கு அதுகள் ஞாபகம் வந்தா எண்டுதான். அம்மாவும் சொன்னவ, நானும் அப்பிடித்தான் நினைச்சனான். நான் வீடியோ எல்லாம் பாத்தனான் சித்தப்பா. நீங்கள் அங்கைதானே இருந்தனீங்கள்."

அந்த வீட்டில் அவர் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உமாசுதன் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, திறந்திருந்த யன்னல்களைப் பார்த்தார்.

"மச்சாள், அப்ப வாணத்துக்கு யன்னல் சாத்திறதும் எனக்காகவோ?"

"பின்னை ஆருக்கு?"

"நான் உங்களுக்கு எண்டெல்லோ நினைச்சன். உங்களுக்குப் பிரஷர், சத்தம் ஒத்துக்கொள்ளாது, பாவம் எண்டு நானும் ஒண்டும் கதைக்காமல் கடலை திண்டுகொண்டிருந்தனான். எனக்கு அந்த வாணம் பாக்க ஆசை மச்சாள். வந்த வரியத்திலை இருந்து ஆசை."

"எனக்கென்ன பிரஷர்? பிரஷர் கேசிகாவின்ரை அப்பாவுக்கு."

முதலில் சிரித்தது சுதாஜினி. வாயில் வடையோடு சிரித்து அவளுக்குப் புரையேறியது. "இவருக்குப் பலூனும் விருப்பம் அக்கா" என்று இருமலுக்கு நடுவில் சொன்னாள். "அங்கை உணவகத்திலை ஆற்றையாவது பிறந்தநாள் எண்டா இவர்தான் ஊதிக் கட்டுறவர்."

"நீயாவது சொல்லியிருக்கலாமேடி."

"நீங்கள் பலூன் வாங்காதது காசு மிச்சம் பிடிக்க எண்டு நினைச்சன்."

இராசேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. இவ்வளவு வருடம் யன்னல் சாத்திய கை அவருடையது. அவர் உமாசுதனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப உனக்கு ஒண்டுமே செய்யிறேல்லையோ தம்பி? உண்மையைச் சொல்லு."

அவர் பாயாசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"கோடையிலை உணவகத்துப் பக்கத்து மலை நெருப்புப் பத்தினா மஞ்சள் பிளேன் வரும் மச்சாள். கடலிலை தண்ணி அள்ளிக்கொண்டு போய் ஊத்தும். பேந்தும் வரும். அது சுத்திச் சுத்தி வரேக்கை நான் குசினிக்கு வெளியாலை போறேல்லை. முதலாளிக்குத் தெரியும், அந்த நேரம் வெளி வேலை தரமாட்டார். அது போனாப் பிறகு சரி. வேறை ஒண்டுமில்லை."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி, இப்ப கேட்டிட்டன்" என்றார். பிறகு வடைத் தட்டைத் தானே தூக்கி, பெட்டியை எடுத்து, அதன் எண்ணெயையும் அதே தலைப்பால் துடைத்து உமாசுதனிடம் கொடுத்தார்.

"அமூனி, சித்தப்பா" என்று கேசிகா எழும்பினாள். வா போவோம் என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வது அது.

இந்தப் பாகத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம். ஆளுக்கொரு கைக்கருவியோடு நிலத்தில் இருந்தார்கள். இராசேஸ்வரி அக்கா திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருந்து உமாசுதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல.

முதல் சண்டையிலேயே உமாசுதன் செத்தார். இரண்டாவதிலும் செத்தார்.

"சித்தப்பா, ஆசுப்பத்திரியிலை நடக்கிற மாதிரி நடக்கிறியள். வெட்டுங்கோ."

"வாறவன் ஆர் எண்டு பாக்கவேண்டாமோ?"

"பாக்கத் தேவையில்லை. வாறவன் எல்லாம் எதிரிதான்."

"அது வசதிதான்" என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. கேடயத்தால் தடுத்து, சுழன்று, ஒரே வீச்சில் மூன்று பேரை வீழ்த்தியபோது அவர் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். "வெட்டு நல்லாச் செய்திருக்கிறாங்கள். பாரம் கையிலை தெரியுது" என்றார். அப்படியே ஒரு ஊர் வாசலுக்கு வந்தார்கள். அங்கே பழையபடி ஒரு காவலன் நின்றான். உமாசுதன் வாளை இறக்கிவிட்டு அவனுக்கு முன்னால் போய் நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். காவலன் அவரை வெட்டினான்.

"என்ன செய்யிறியள் சித்தப்பா?"

"கேக்கிற பொத்தான் எது?"

"இதிலை கேக்கேலாது. அதை எடுத்துப்போட்டாங்கள்."

"எடுத்துப்போட்டாங்களோ? முழுக்கவோ?"

அவர் முகம் விழுந்தது. அதற்காகவே காத்திருந்த இராசேஸ்வரி அக்கா எழும்பிவிட்டார். "போதும் கேசிகா, நிப்பாட்டு. அவருக்கு ஏலாமல் வருது."

"ஐயோ மச்சாள், இருங்கோ. வெட்டினதுக்கில்லை. நான் இவங்களிட்டைத்தானே இத்தாலியன் படிச்சனான். இப்ப ஒருத்தனும் வாய் திறக்கிறானில்லை."

"கதைச்சா ஆர் கேக்கிறது சித்தப்பா? எல்லாரும் அந்த வசனங்களைத் தாண்டித்தான் விளையாடினவை. முதலாம் பாகம் நடந்து நடந்து கால் நோகுற கேம்."

"உனக்கு ஆறு வயசிலை நோகேல்லையே."

"எனக்கு ஆறு வயசிலை சண்டை பயம். இப்ப பயமில்லை. நான் நல்லா வெட்டுவன். பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்" என்றார். "என்னை விட நல்லா வெட்டுறாய்."

அவர்கள் தொடர்ந்து விளையாடினார்கள். காவலனை வெட்டித்தான் உள்ளே போனார்கள். போகும்போது உமாசுதன், "மன்னிக்கவேணும் காவலரே" என்று இத்தாலிய மொழியில் அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் இராசேஸ்வரி அக்காவும் முகத்தை விட்டுத் திரைக்கு மாறிவிட்டார். "தம்பி, பின்னாலை ஒருத்தன் வாறான். அந்தத் தூணுக்குப் பின்னாலை. உவனை விடாதை" என்று கை நீட்டத் தொடங்கினார். அன்று யன்னல் சாத்தப்படவில்லை. இரவு அவர்கள் எல்லோரும் கடற்கரைக்கு வாணம் பார்க்கப் போனார்கள்.

அதன் பிறகு வந்த திங்கட்கிழமைகளில் மூன்றாம் மாடியில் ஒரே வாக்குவாதம். இரண்டாம் பாகம்தான் சிறந்தது என்று கேசிகா. முதலாம் பாகம்தான் என்று சித்தப்பா. சாப்பிடும்போதும் அதே கதை, படியில் இறங்கும்போதும் அதே கதை. இந்தப் புதியது நல்ல கேமா இல்லையா என்று ஒருநாள் நானே உமாசுதனிடம் கேட்டேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் கேட்டேன்.

"சொல்லத் தெரியேல்லை அக்கா" என்றார். "சண்டையிலை ஒரு குறையும் சொல்லேலாது. விளையாடேக்கை நேரம் போறது தெரியாது. எழும்பின பிறகு யோசிச்சா, ஒருத்தற்றை பேரும் ஞாபகமில்லை. பழையதிலை ஒவ்வொரு வாசல்காரனையும் எனக்கு இப்பவும் தெரியும். ஒருத்தனுக்கு மகளுக்குச் சுகமில்லை. ஒருத்தன் மழை வந்தாத்தான் விடுவான். இதைச் செய்தவங்கள் கெட்டிக்காரர். ஆனா என்னை மாதிரி ஆக்களுக்குச் செய்யேல்லை. கேசிகாவுக்குச் செய்திருக்கிறாங்கள்."

"அப்ப ஏன் விளையாடுறியள்?"

"கேசிகாவுக்குச் செய்திருக்கிறாங்கள் எண்டபடியாத்தான்."

புரட்டாதியில் அவள் போனாள். கருவியைத் தன்னோடு கொண்டுபோனாள். அவள் வாங்கிய டிஸ்க் தொரீனோவுக்குப் போயிற்று, அவர் பரிசு கொடுத்த டிஸ்க் இங்கே நின்றது. உமாசுதன் சந்தைக்குப் பக்கத்தில் பழைய கருவி விற்கிற கடையில் ஒன்று வாங்கி வந்து இரண்டாம் மாடியில் பூட்டினார். இன்டர்நெட் வழியாக, ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயும் இருந்து விளையாடலாமாம். சுதாஜினிக்கு அது பிடிக்கவில்லை. "நாற்பது வயசிலை பொம்மை வாங்கிற மனிசன்" என்று மேல் மாடிக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். அதே வாயால், "பிள்ளை சாப்பிடுறாளோ எண்டு கேளுங்கோ" என்றும் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு திங்கள் பின்னேரம் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கேசிகாவின் குரல் தொலைக்காட்சிக்குள்ளிருந்து வந்தது.

"சித்தப்பா, ஹெட்போன் போடுங்கோவன். நான் கதைக்கிறது வீடு முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும். எல்லாம் எங்கடை ஆக்கள்தான். இடப்பக்கம் பார், இடப்பக்கம்."

"கண்டிட்டன். இஞ்சை சரியான குளிர். அரிசி அவிக்கிற சட்டியாலை அறை முழுக்க நீராவி. பக்கத்து அறைக்காரி நெருப்பு எண்டு ஓடி வந்திட்டாள்."

தொலைபேசியில் அவள் இப்படிப் பேசுவதில்லை என்று சுதாஜினி என் காதில் சொன்னாள். தொலைபேசியில் இவர்கள் சாப்பிட்டியா என்று கேட்பார்களாம், அவள் ஓம் என்பாளாம், அதோடு முடிந்ததாம். இங்கே இருவருக்கும் கை வேலையில் இருந்தது. கண் திரையில் இருந்தது. வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது. யாரைச் சந்தித்தாள், எந்தக் கடையில் கறிவேப்பிலை இருக்கிறது, எந்தப் பாடம் விளங்கவில்லை என்று எல்லாம் வெட்டுக்கு வெட்டு வந்துகொண்டிருந்தது. சுதாஜினி குழம்புக்கு வெட்டிய வெங்காயத்தை மறந்து வாசலில் நின்று கேட்டாள்.

ஒரு பெரிய சண்டை தொடங்கியது. நாலா பக்கத்தாலும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு நடுவில், வேறு எதையோ சொல்வது போல, கேசிகா சொன்னாள்:

"சித்தப்பா, இஞ்சை வகுப்பிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கினமில்லை."

உமாசுதனின் கை நின்றது.

"சித்தப்பா, ஸ்கூடோ! கேடயத்தைத் தூக்குங்கோ. வெட்டுறான்."

அவர் தூக்கவில்லை. கைக்கருவியை நிலத்தில் வைத்துவிட்டார். திரையில் அவருடைய ஆள் நின்ற இடத்திலேயே வெட்டு வாங்கி விழுந்தான்.

"செத்துப்போனீங்கள்."

"பரவாயில்லை. நீ சொல்லு."

அவளும் வெட்டுவதை விட்டிருக்கவேண்டும், அவளுடைய ஆளும் விழுந்தான். மறுபடி தொடங்கவா என்று திரையில் எழுத்து வந்து நின்றது. இருவரும் அதை அழுத்தவில்லை. பிறகு அவள் மெல்ல, முதல் நாள் வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருந்தாள் என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினாள். உமாசுதன் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில், பக்கத்து அறைக்காரியைப் பற்றிச் சொல்லும்போது, சிரித்தாள்.